சட்டத்தை நூலகத்தில் தேடுவது எப்படி?

சென்ற மகாசபைக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசித்து முடிந்ததும், அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். கைத்தறிச் சேலை என்ற பெயரில் விசைத்தறிச் சரக்கு கடைகளில் மலிவாக விற்கப்படுகிறது. நம் சேலைகளோ கிடங்கில் தேங்குகின்றன. இதைத் தடுக்கச் சட்டம் உண்டா, இல்லையா என்பதே அவ்வினா. மூவர் மூன்று விடை கூறினர். "உண்டு, 1985-லேயே சட்டம் வந்துவிட்டது" என்றார் ஒருவர். "அச்சட்டத்தை நான் வாங்கி முழுதும் படித்திருக்கிறேன், இன்ன துணி கைத்தறிக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை" என்றார் மற்றொருவர். மூன்றாமவர், அச்சட்டத்துக்குக் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள் என்று தம் தந்தையார் சொல்லக் கேட்டதாகச் சொன்னார். குரல் உயர்ந்தவர் பக்கம் கூட்டம் சாய்ந்தது. வினா எழுப்பியவர் வந்தபடியே ஊர் திரும்பினார்.

மூவரில் ஒருவரும் பொய் உரைக்கவில்லை என்பதே இதில் வியப்பு. ஒவ்வொருவரும் ஒரு நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் கையில் வைத்திருந்தனர். அச்சங்கிலியை நூலகத்தில் தேடி இணைப்பது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம்.

கைத்தறி (உற்பத்திக்கான பொருள்கள் ஒதுக்கீட்டு)ச் சட்டம் என்பது 1985-ஆம் ஆண்டின் 22-ஆம் மத்தியச் சட்டம். பொருள்களை ஒதுக்கும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்கு அளிக்கிறது. பொருள்களின் பட்டியலை அது தருவதில்லை. பட்டியல், சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்படும் ஆணையில் வரும். 1986-இல் வந்த ஆணை 22 வகைகளை ஒதுக்கிற்று. விசைத்தறித் தரப்பினர் வழக்குகள் தொடுத்தனர். தடையுத்தரவுகளால் சட்டம் சில ஆண்டுகள் செயலற்றிருந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பின்னர்ப் பட்டியல் 11 வகைகளாகச் சுருங்கியது. 3-9-2008 தேதியிட்ட ஆணையில் அந்தப் பதினொன்றும் காணப்படும். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு, ஜமக்காளம் ஆகியவை அவற்றுள் சில. இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. சேலை என்றால் எல்லாச் சேலையும் அன்று. ஒவ்வொரு வகைக்கும் இன்ன நூல், இன்ன அமைப்பு என்ற விளக்கமும் விலக்கும் ஆணையிலேயே உண்டு. அதைப் படியாமல் புகார் எழுதினால், எதிர்த்தரப்பார் ஒரே வரியில் தள்ளிவிடுவர்.

ஆகவே சட்டம் என்பது ஒரு புத்தகம் அன்று. முதலில் சட்டம், அதன் கீழ் விதிகள், அதன் கீழ் ஆணைகளும் அறிவிக்கைகளும், காலந்தோறும் வந்த திருத்தங்கள், நீதிமன்றங்கள் உரைத்த பொருள், நம்மைப் பொறுத்தமட்டில், கடைசியாக நம் சங்கத்தின் உபவிதிகள். தேடுவோர் இவற்றுள் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அறிந்து தேடுதல் வேண்டும்.

நூலகம் நமக்கு அந்நியமான இடமன்று. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்திய மாநிலங்களில் முதன்முதலாக இயற்றப்பட்ட நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அதற்காகப் பல்லாண்டு உழைத்தார். அப்போது கல்வி அமைச்சராயிருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அச்சட்டத்தின்படி வீட்டு வரியுடன் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. நாம் கட்டிய பணத்தில் வாங்கிய நூல்களை நாமே தொடாதிருப்பது, சங்கத்தில் பங்குத்தொகை கட்டிவிட்டு நூல் வாங்க வராதிருப்பதை ஒக்கும்.

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலை நகரம் சில மைல் தொலைவே. அங்குள்ள மாவட்ட மைய நூலகத்துக்கு அவ்வங்கத்தினரும் நாமுமாகச் சென்றோம். நூலகரிடம் "சட்டப் புத்தகம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டல் பயன் தராது. எதைப் பற்றி, எந்த அரசின் சட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கேட்டல் நன்று. தசம வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகங்களில் சட்ட நூல்கள் 340 என்ற எண்ணின் கீழும், கூட்டுறவு 334-இன் கீழும், வேளாண்மை 630-இன் கீழும், நெசவுத் தொழில் 677-இன் கீழும் அடுக்கப்பட்டிருக்கும். நாம் தேடும் செய்தி இந்நான்கு அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கலாம். கைத்தறி ஒதுக்கீட்டைப் பற்றிய செய்தியைச் சட்ட அலமாரியில் மட்டும் தேடினோர் பாதியையே கண்டிருப்பர்.

அடுத்து, பெயர் மாற்றத்தால் விளையும் இடர். நம் மாநிலம் 1969 சனவரி 14-ஆம் நாள் தமிழ்நாடு என்ற பெயர் பெற்றது. அதற்கு முன் இயற்றப்பட்ட சட்டங்கள் சென்னை, அதாவது 'மெட்ராஸ்' என்ற தலைப்பில் அச்சாயின. 1961-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தைப் பழைய நூற்பட்டியலில் 'தமிழ்நாடு' என்ற எழுத்தின் கீழ் தேடினால் அகப்படாது. 'மெட்ராஸ்' என்று தேடினால் அகப்படும். நம் வட்டாரத்துக்கு இடர் இரட்டிப்பு. திருவண்ணாமலைத் தாலுகா 1911 வரை தென் ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது; பின்னர் வட ஆர்க்காட்டுடன் சேர்ந்தது; 1989-இல் தனி மாவட்டம் ஆயிற்று. ஆகையால் அடி அண்ணாமலையின் பழைய ஏரிப் பாசனம், நிலவரி, பயிர் வகை முதலியன குறித்து ஆராய்வோர், வட ஆர்க்காட்டு ஜில்லாப் பற்றிக் காக்ஸ் எழுதிய பழைய மானுவலைப் புரட்டி ஏமாறுவர். 1906-இல் வெளிவந்த தென் ஆர்க்காட்டு கெஜட்டியரையே அவர்கள் கேட்க வேண்டும். அதை எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ். இந்த ஒரு செய்தியை அறியாமல் நாமே ஒரு முழு நாளை வீணாக்கியதுண்டு.

சட்டத்தின் பிறந்த நாள் வேறு, நடைமுறைக்கு வந்த நாள் வேறு என்பதையும் நினைவிற் கொள்க. இன்று நம் சங்கங்களை ஆளும் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டம்; ஆனால் அது 1988 ஏப்ரல் 13-ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளும் 1988-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த ஒரு காரியம் குறித்துத் தகராறு எழுமானால், பார்க்க வேண்டியது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தையே.

உள்ளூர் நூலகத்தில் கிடைக்காதவற்றுக்குச் சென்னை செல்ல நேரிடும். எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் ஒன்று. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய அரசாணைகளையும் ஜில்லா அறிக்கைகளையும் அங்கே விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் பார்க்கலாம். கோட்டூர்புரத்தில் 2010-இல் அமைந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. எங்குச் சென்றாலும் அரசிதழைக் கேட்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அறிவிக்கையின் மூலப்பிரதி அதுவே. மற்றவை யாவும் படியெடுத்தவை. தமிழ்நாடு அரசிதழில் நான்காம் பகுதியின் முதற் பிரிவில் மசோதாக்களும், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் வரும். இந்திய அரசிதழில் இரண்டாம் பகுதியின் முதற் பிரிவு சட்டங்களுக்குரியது. மூன்றாம் பிரிவில் அமைச்சகங்களின் ஆணைகள் இடம்பெறும். நாம் தேடிய 2008-ஆம் ஆண்டுக் கைத்தறி ஆணை அந்த மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. சென்னை செல்ல இயலாதவர், மத்திய, மாநிலச் சட்டங்களைத் திருத்தங்களுடன் வெளியிடும் 'இந்தியா கோட்' என்னும் அரசு இணையத்தளத்தைக் காணலாம். பிள்ளைகளின் கைப்பேசியே அதற்குப் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, ஏன் அவ்வாறு சொல்கிறது என்பதையும் அறிய விழைவோர்க்கு வேறு மூன்று இடங்கள் உண்டு. மசோதாவுடன் அச்சிடப்படும் நோக்கக் காரண விளக்கவுரை ஒன்று. சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகள் மற்றொன்று. மூன்றாவது, மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. கைத்தறி, கூட்டுறவு, வேளாண்மை ஆகிய துறைகளின் குறிப்புகள் தமிழிலேயே வருகின்றன; இவற்றை நம் அங்கத்தினர் பலர் கண்ணாலும் கண்டதில்லை என்பது வருந்தத்தக்கது. பழமையில் ஆர்வமுள்ளோர், பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் சென்னை அரசுக்கு அளித்த நில, வேளாண் வங்கிகள் பற்றிய அறிக்கைத் தொகுதிகளைப் பார்த்தல் வேண்டும். ஜெர்மானிய நாட்டில் ரெய்பைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை நம் நாட்டு உழவர்க்கு எவ்வாறு பொருத்தலாம் என்று ஆராய்ந்தவர் அவர். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு முன்னோடி அந்த அறிக்கையே. அச்சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டும் இடம் தந்தது. நெசவாளர் உற்பத்திச் சங்கம் போன்றவற்றைப் பதிவு செய்ய 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழைய பதிப்பை நம்பி ஏமாறுவது எளிது. 2020-இல் மூன்று வேளாண் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2021-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. இடையில் அச்சான கையேடுகள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. இதனினும் சிக்கலானது அரசியலமைப்பின் 97-ஆம் திருத்தம். 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவின் பதவிக்காலம், தேர்தல், தணிக்கை முதலியன பற்றித் தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தது. அதையொட்டி மாநிலங்கள் தத்தம் சட்டங்களைத் திருத்தின, தமிழ்நாடும் திருத்தியது. 2021 சூலையில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களில் பாதியேனும் ஒப்புதல் அளிக்கவில்லை என்ற காரணத்தால், அப்பகுதி மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் செல்லாது என்றது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தமட்டில் அது செல்லும். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்தோர் "எல்லாம் ரத்து" என்றனர். தீர்ப்பைப் படித்தோர், கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்த வாசகம் நிற்கிறது என்பதையும், மாநிலம் தன் சட்டத்தில் செய்துகொண்ட திருத்தம் அதனால் மட்டும் மறைந்துவிடாது என்பதையும் அறிந்தனர். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சில தமிழாக்கமும் பெற்றுள்ளன.

காலக்கெடு பற்றி நம் ஊரே ஒரு பாடம் தந்திருக்கிறது. 2002-இல் அண்ணாமலையார் கோயிலைத் தேசியச் சின்னமாக்கி மத்தியத் தொல்லியல் துறையின்கீழ்க் கொண்டுவரும் முயற்சி நடைபெற்றது. ஊரார் எதிர்த்தனர், வழக்கும் நடந்தது, முடிவில் முயற்சி கைவிடப்பட்டுக் கோயில் மாநில அறநிலையத் துறையிடமே இருந்தது. அத்தகைய அறிவிப்புக்கு 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் 4-ஆம் பிரிவில் வழி கூறுகிறது. முதலில் அரசிதழில் இரண்டு மாத நோட்டீசு தர வேண்டும். அதற்குள் அக்கறையுள்ள எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கோயிலுக்கு மட்டுமன்று, நிலத்துக்கும் நீருக்கும் தறிக்கும் இவ்வாறான நோட்டீசுகள் அரசிதழில் வந்துகொண்டே இருக்கின்றன. கெடு கழிந்தபின் தேடிக் கண்டெடுத்தோர்க்குச் சட்ட அறிவு மிஞ்சும். ஆட்சேபிக்கும் வாய்ப்பு மிஞ்சாது.

நூலகத்திலும் கிட்டாத அரசாணையோ சுற்றறிக்கையோ இருப்பின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் உரிய அலுவலகத்துக்கு எழுதலாம்; முப்பது நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும். "எல்லா ஆணைகளும் வேண்டும்" என்று எழுதாமல், தேதியும் பொருளும் குறித்து எழுதினால் விடை விரைவில் வரும். அத்தேதியை அறிவதற்கே முன்சொன்ன தேடல் தேவைப்படுகிறது.

நம் நெசவாளர் அங்கத்தினர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அதில் சட்டத்தின் பெயர், எண், ஆண்டு, ஆணையின் தேதி, சேலை பற்றிய விளக்க வாசகம் முழுவதும், எந்த நூலகத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தார் என்ற குறிப்பு ஆகியவை அவர் கைப்பட உள்ளன. கடையில் வாங்கிய சேலையை ரசீதுடன் வைத்து, அதன் நூலையும் கரையையும் ஆணையின் வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று சேலைகளில் ஒன்று ஒதுக்கீட்டுக்குள் வராது என்று கண்டு, அதை அவரே விலக்கிவிட்டார். மற்ற இரண்டைப் பற்றிய புகார் கைத்தறித் துறைக்குச் சென்றிருக்கிறது.

அங்கத்தினர்களுக்கு ஒரு பயிற்சி: 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம், பதிவு பெற்ற ஒவ்வொரு சங்கமும் சட்டம், விதிகள், உபவிதிகள் ஆகியவற்றின் பிரதியைக் கட்டணமின்றிப் பார்வையிடும்படி தன் அலுவலகத்தில் வைத்திருத்தல் வேண்டும் என்று கூறிற்று. அக்கடமை 1932, 1961, 1983 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களில் எந்தப் பிரிவில், என்ன வாசகத்துடன் தொடர்கிறது என்பதைத் தேடி, பிரிவு எண்ணும் பார்த்த நூலகத்தின் பெயரும் குறித்து, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறோம். விடை எழுதுவோர் வரும்போது, நம் சங்கத்தில் அப்பிரதி எந்த மேசையில் இருக்கிறது என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்.