கேட்டில் வண்டி எண்ணப்போகும் தம்பிக்கு



செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்தேன். மகிழ்ச்சி. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இன்னும் தண்டவாளம் கிடையாது. ஆவடி–கூடுவாஞ்சேரி பாதை கோப்பிலேயே தூங்குகிறது. அங்கே செய்யும் கார்களில் ஒரு பங்கு வாலாஜாபாத் வந்துதான் ரயில் ஏறுகிறது. உத்திரமேரூர் பக்கத்து ஆட்களோ உன் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள்.

ரயில் மோதலைத் தடுக்கும் கவாச் பற்றி உனக்குச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நான் சொல்லவந்தது வாகனக் கணக்கெடுப்பு. ரயில்வே கேட்டில் ஏழு நாள் இரவு பகலாக வண்டிகளை எண்ணும் வேலை. புதிதாக வந்தவன் தலையில்தான் கட்டுவார்கள். ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிக் கணக்கால் பெருக்கினால் டிவியு. அது ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் ரயில்வேயும் மாநில அரசும் பாதிப்பாதி போட்டு மேம்பாலம் கட்டும் பேச்சே எழும்.

கேட் பூட்டினால்தான் சிக்னல் விழும் என்கிற இன்டர்லாக்கிங்குக்கும் இதே டிவியு கணக்குதான். கடலூர் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்களே, அந்த கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. அப்படிப்பட்ட கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்பார், கேட் கீப்பர் "மூடியாச்சு" என்று ஒரு எண்ணைச் சொல்வார். அந்த வாய்ச்சொல்லை நம்பி ரயில் வரும். அந்த விபத்துக்குப் பிறகே இன்டர்லாக்கிங்குக்கான வரம்பை 20,000 டிவியுவிலிருந்து 10,000 ஆக்கினார்கள். கேட் கீப்பரைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். வரம்பை முன்பே இறக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கணக்கிலும் ஒரு கூத்து உண்டு. மாட்டுவண்டி ஒன்று என்றால், ஐம்பது பேர் உட்கார்ந்த கம்பெனி பஸ்ஸும் ஒன்றுதான். பைக் கால். ஷிஃப்ட் விடும் நேரத்தில் உன் பக்கம் வந்து நிற்பதெல்லாம் பஸ்ஸும் பைக்கும்தானே! விதி உன் கையில் இல்லை. எத்தனை பஸ், எந்த நேரம் என்று குறிப்புப் பத்தியில் எழுதுவது உன் கையில் இருக்கிறது.

பொங்கல், ஆயுத பூஜை வாரத்தில் எண்ணச் சொன்னால் தேதி மாற்றிக் கேள். கம்பெனிகள் மூடிக் கிடக்கும். ராத்திரிப் பக்கங்களை உத்தேசமாக நிரப்பும் ஆட்களும் உண்டு, ஜாக்கிரதை. இங்கே மூன்றாம் ஷிஃப்ட் ஓடுகிறது. பெரிய கம்பெனிகளில் பஸ் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். அவரிடம் ரூட்டும் நேரமும் வாங்கிக் கோப்போடு சேர். ஒரு நகல் நெடுஞ்சாலைத் துறைக்கும் போகட்டும். பாலத்துக்கு நிலம் எடுப்பது மாநில அரசின் வேலை. வருஷக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.