செந்நிற மனை

பழுதுற்ற பழம்மனையொன்றைக் கட்டினோர் கருத்துக் கெடாமல் செப்பனிடுவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். லண்டன் மாநகரின் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத் என்னுமிடத்திலுள்ள ‘செந்நிற மனை’ இதற்குச் சிறந்ததோர் உதாரணமாம்.

இதனை வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர், தம் நண்பர் பிலிப் வெப் வகுத்த அமைப்பின்படி 1859-60ஆம் ஆண்டுகளில் செங்கல்லாற் கட்டுவித்தார். இயந்திரப் பொருள்கள் மலிந்த அக்காலத்தில் கைத்தொழிலின் மாண்பை நிலைநாட்ட விழைந்த அவரும் அவர்தம் தோழரும், சுவர்களிலும் விதானங்களிலும் தம் கைகளாலேயே ஓவியந் தீட்டினர். ஆயின் 1865இல் மாரிஸ் அம்மனையை விட்டகன்றார். மறு ஆண்டில் அது விற்கப்பட்டது. கைமாறிய காலங்களில் ஓவியங்கள் பலவும் மறைப்புண்டன.

1877இல் மாரிஸ் தோழரோடு கூடிப் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழையதைச் சிதைத்துப் புதிதாய்ப் புனைவது சீர்திருத்தமன்று. ஒழுகுவதை அடைத்து, சாய்வதைத் தாங்கி, இடையறாது பேணுவதே முறை என்பது அதன் கொள்கை.

அக்கொள்கையின் உண்மையை அவர் மனையே பின்னர் விளக்கிற்று. 2003இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் சங்கம் அதனை ஏற்றது. 2013இல் படுக்கையறைச் சுவரொன்றின் மறைப்பை மெல்ல அகற்றியபோது ஆதாம், ஏவாள், நோவா முதலிய வேதாகம உருவங்கள் வெளிப்பட்டன. யாரேனும் முன்னரே அச்சுவரைச் சுரண்டிப் புதிதாய்ப் பூசியிருப்பின், அவை மீளாதொழிந்திருக்குமன்றோ?

ஆதலின், பழமையைக் காப்போர்க்கு வன்மையினும் பொறுமையே முதற்கருவியென்று நாம் அறியக் கடவோம்.