வளைகாப்புக்கு முன்னாடி ஒரு மாத்திரை

இந்த மாதப் பாடம் ஃபோலிக் அமிலம். "இது பொம்பளைங்க விஷயம்"னு ஆண் உறுப்பினர்கள் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இன்னும் சில வருஷத்துல நம்மில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

சிடாம் கிரி பக்கம் ஒரு குழந்தை முதுகுத்தண்டு சரியா மூடாமல் பிறந்தால், முதல் கேள்வி அம்மாவுக்குத்தான் வரும். "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா? கத்தியைத் தொட்டியா?" கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

கரு உருவான மூன்றாவது வாரத்தில், தட்டையான ஒரு தகடு சுருண்டு குழாயாக ஆரம்பிக்குது. அதுதான் பிறகு மூளையும் தண்டுவடமும் ஆகும். ஏறக்குறைய 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடணும். செல்கள் வேகமாகப் பெருகுற அந்த நேரத்தில் ஃபோலேட் சத்து ரொம்பத் தேவை. ஆனா நாள் தள்ளிப்போனது தெரியும்போதே ரெண்டு வாரம் ஓடியிருக்கும். அப்புறம் மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து கிளினிக் போறதுக்குள் குழாய் வேலை முடிஞ்சிடும். காங்கிரீட் ஊற்றின பிறகு கம்பி கட்ட முடியுமா? நம்ம வளைகாப்போ ஏழாவது மாசம்!

இந்தச் சத்தின் கதையில் நம்ம மெட்ராஸும் இருக்கு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், 1931-ல் மெட்ராஸ் கோஷா மருத்துவமனையிலும் வேலை செய்தார். அவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஈஸ்ட் சாறு. நம்ம கடையில் விற்கிற அதே மார்மைட்! அதில் இருந்த சத்துதான் ஃபோலேட். பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, 1945-ல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

குழந்தையின் முதுகுத்தண்டுக்கும் இதுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது 1991-ல்தான். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பிறந்த தாய்மார்களை வைத்து 7 நாடுகளில் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று நடந்தது. அடுத்த கர்ப்பத்தில் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களில் 6 குழந்தைகளுக்கும், எடுக்காதவர்களில் 21 குழந்தைகளுக்கும் குறை வந்தது. 72 சதவீதம் குறைவு. ஆனா பூஜ்யம் இல்லை. மாத்திரை ஒழுங்கா போட்டவங்களுக்கும் வரலாம். அதனால "நீ மாத்திரை போடலியா"ன்னு புதுசா ஒரு குத்தம் கண்டுபிடிக்க வேண்டாம்.

அளவு: குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பிக்கும்போதிருந்து 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம். முன்னே இப்படிக் குழந்தை பிறந்தவங்க, வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்க, நீரிழிவு உள்ளவங்களுக்கு இன்னும் கூடுதலாக வேணும். அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். கீரை, பாசிப்பயறு, பருப்பு எல்லாத்திலும் ஃபோலேட் இருக்கு, சாப்பிடுங்க. ஆனா நம்ம ஊர்ல கீரையை வேகவைக்கிற வேகத்துக்குப் பாதி சட்டித் தண்ணியிலயே போயிடும். சாப்பாடு மாத்திரைக்குப் பதில் ஆகாது. சுத்த சைவமா இருக்கிறவங்க பி12 பற்றியும் கேட்டுக்குங்க.

அரசாங்கக் கிளினிக்கில் கல்யாணமானவங்க கர்ப்பத்துக்கு முன்னாடியே போய்ப் பார்க்கலாம். "இன்னும் ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போகணும்"னு கூச்சப்படுறதுதான் பிரச்சனை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, வீட்டில் அம்மா, அக்கா, அண்ணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க: எத்தனாவது மாசத்தில் அந்த மாத்திரையை ஆரம்பிச்சாங்க?