காற்றுக்கு வேலி

ஒரு தட்டில் உலர்ந்த நுண்மணலைப் பரப்பி, மின்விசிறியின் முன் வையுங்கள். விசிறி மெதுவாகச் சுழலும்போது மணல் அசையாது. வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் மணல்மணிகள் துள்ளத் தொடங்கும். அதற்குமேல் வேகம் சிறிது கூடினாலும் பறக்கும் மணல் வெகுவாகக் கூடிவிடும். காரணம் என்ன?

மண்ணை வாரிச் செல்லும் காற்றின் திறன், ஏறத்தாழ அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகம் பாதியானால் இத்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும்!

இந்த உண்மையை அமெரிக்கா பெருந்துன்பத்துக்குப் பின்னரே உணர்ந்தது. அங்குள்ள பெருஞ்சமவெளியில் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தார்கள். 1930களில் மழை பொய்த்தது, பயிர் கருகியது. மண்ணைப் பிடித்து நிறுத்தப் புல்வேரும் இல்லை. 1934 மே மாதம் அங்கு எழுந்த புழுதி, கிழக்குக் கரையிலுள்ள நியூயார்க் வரை சென்றது. 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மண்ணியல் அறிஞர் ஹியூ பென்னட் தலைமையில் அதற்கென ஓர் அரசுத் துறையும் அமைந்தது.

மற்றொரு திட்டத்தின்படி, 1942-க்குள் வடக்கு டக்கோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை, பெரும்பாலும் தனியார் பண்ணைகளில், சுமார் 22 கோடி மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. கன்று அரசினுடையது, நிலமும் பராமரிப்பும் உழவருடையவை. 10 மீட்டர் உயர மரவரிசை, தனக்குப் பின்னால் 100 மீட்டருக்கும் அதிகமான தூரத்துக்குக் காற்றின் வேகத்தைத் தணிக்கும்.

தனியார் நிலத்தைக் காக்க அரசு ஏன் உதவவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மரம் நடும் உழவர் அந்த அளவுக்கு விளைச்சலை இழக்கிறார். பயனோ அவருக்கு மட்டுமன்றி, அடுத்த பண்ணைக்கும் தொலைவிலுள்ள நகரத்துக்கும் கிடைக்கிறது. பலருக்குப் பயன் தரும் வேலையின் செலவை ஒருவரே சுமப்பது முறையாகுமா?

1985-இல் வந்த திட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. எளிதில் அரிக்கப்படும் நிலத்தை உழாமல், புல்லோ மரமோ வளர்க்க ஒப்புக்கொள்ளும் உழவருக்கு, 10 முதல் 15 ஆண்டுகள் வரை அரசு ஆண்டு வாடகை தருகிறது. நடவுச் செலவிலும் பங்கேற்கிறது. ஆனால் 2007-க்குப் பின் தானிய விலை ஏறியபோது, ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் பலவற்றில் மீண்டும் ஏர் ஓடியது. ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் உண்டு. காற்றுக்கு அது கிடையாது.

இப்போது விசிறிக்கும் மணலுக்கும் இடையில் ஒரு சீப்பை நிறுத்திப் பாருங்கள். பிறகு சீப்புக்குப் பதிலாக ஓர் அட்டையை வையுங்கள். அட்டையைத் தாண்டும் காற்று சுழித்துக் கீழிறங்கலாம். சீப்போ சிறிது காற்றை ஊடே விட்டு, அதன் வேகத்தைத் தணிக்கும். காற்றுக்கு மதிலைவிட மரவேலியே ஏற்றது என்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?