கீரவாணிக்கு ஒரு கறுப்பு உடை

திருவரங்கம்

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய ஆல்பத்தைக் கேட்டுவிட்டேன். ஜப்பானியப் பாடகி வகேஷிமா கனோனின் ‘சின்ஷோகு டோல்சே’. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, வரிசை மாற்றாமல். உன் அம்மா போனில், “படிக்கத்தானே புனாவுக்கு அனுப்பினேன், இவள் ரத்தக்காட்டேரிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு கறுப்பு உடுத்தித் திரிகிறாள், நீ ஒரு கடிதம் போடு அண்ணா” என்றாள். அவள் எதிர்பார்க்கும் அறிவுரை இதில் இல்லை. எனக்குச் சொல்ல வேறு இருக்கிறது.

காட்டேரி விஷயம் பொய்யில்லை. ‘ஸ்டில் டால்’ பாட்டு 2008இல் ‘வேம்பயர் நைட்’ அனிமே தொடரின் முடிவுப் பாட்டாகத்தானே வந்தது. வரிகள் கனோன், மெட்டு மானா. அடுத்த வருஷம் ஆல்பம். அந்த மானா ‘மாலிஸ் மிஸேர்’ குழுவில் பெண் வேடத்தில் கிதார் வாசித்தவர். சபை நடுவே வாய் திறந்து பேசாதவர். 1999இல் கறுப்பும் நீலமுமாக உடை விற்க ஒரு கம்பெனியே தொடங்கியவர். இத்தனை ஏற்பாட்டோடு வருகிற சோகம் தானாகப் பொங்கிய சோகமாக இருக்க முடியாது. அளவெடுத்துத் தைத்த சோகம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் தெருக்கூத்தில் அரிதாரம் பூசி முடியவே பாதி இரவு போகிறது; அதனால் திரௌபதியின் அழுகை பொய்யாகிவிடுகிறதா? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று எண்ணும்போது அழுகையையும் அச்சத்தையும் நகையோடும் உவகையோடும் ஒரே வரிசையில்தான் வைத்தார். அவை சுவைக்க வேண்டியவை. உன் வயதில் பலரும் செய்வது, சுவைக்க வேண்டியதை எடுத்து விலாசமாக மாட்டிக்கொள்வது. நீ அப்படிச் செய்யாதே. அந்தச் சோகம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது காதில் விழும்வரை கேள்.

அதற்கு முதலில் செல்லோவைக் கேட்க வேண்டும். கனோன் மூன்று வயதில் செல்லோ பிடித்தவள். போன் ஸ்பீக்கரிலோ, பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் சொருகிய குமிழிலோ உனக்கு அது கிடைக்காது. செல்லோவின் அடித்தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே போனின் சின்ன ஸ்பீக்கர் இறங்காது. மேலே குரலும் ஹார்ப்சிகார்ட் சிணுங்கலும் மட்டும் கேட்கும்; வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டு அஸ்திவாரம் பார்த்ததாக நினைத்துக்கொள்வாய். காது முழுக்க மூடுகிற நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கு, பணம் நான் அனுப்புகிறேன். ஒரு தடவை குரலை விட்டுவிட்டு, கீழே வில் எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்பதை மட்டும் பின்தொடர். அவள் குரல் மெல்லியது, பொம்மைக் குரல், கனமே இல்லை. கனத்தையெல்லாம் செல்லோதான் சுமக்கிறது. குரல் சொல்லாமல் விட்டதைத் தந்தி சொல்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

பிடிக்காததும் உண்டு. அந்த மின்தாளம். ஈரமான வில்லுக்குக் கீழே இப்படியா தகரத்தைத் தட்டுவார்கள்?

இன்னொன்றையும் கவனி. மேலைநாட்டார் ‘ஹார்மோனிக் மைனர்’ என்கிறார்களே, இந்த வகைப் பாட்டுகள் ஓயாமல் போய் நிற்கும் ஸ்வர வரிசை, அது நம் 21ஆவது மேளம் கீரவாணி. நிஷாதத்தைக் கொஞ்சம் இறக்கினால் 20ஆவது, நடபைரவி. ஸ்வரம் ஒன்றாக இருப்பதால் ராகமும் ஒன்று என்று சொல்லிவிடாதே, உன் பாட்டு டீச்சர் என்னை அடிக்க வருவார். கமகம் இல்லாமல் ராகம் ஏது. ஆனாலும் நீ சின்ன வயதில் கற்றுக்கொண்ட ஸரிகம இங்கே உதவும். பாட்டு ஓடும்போது கூடவே ஸ்வரம் போட்டுப் பார். அதே ஸ்வரம் எங்கே திடீரென்று வேறாகக் கேட்கிறதோ, அங்கே அடியில் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறியிருக்கும். இந்தப் பாட்டுக்காரர்கள் நெஞ்சைப் பிசைகிற இடம் பெரும்பாலும் அதுதான். ஸ்வரத்தை அசைக்க மாட்டார்கள். அது நிற்கும் தரையை நகர்த்துவார்கள்.

‘இரவல் வாத்தியத்தில் இரவல் சோகம்’ என்று உன் அப்பா கேலி செய்வாராம். அவருக்கு இதைச் சொல். நம் வயலினும் வந்த பொருள்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தது அது. அண்ணன் ஒருபடி மேலே போய், பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜப்பானில் நாகோயாவில் ஷாமிசென் செய்துகொண்டிருந்த சுஸுகி மசாகிச்சி என்ற கைவினைஞர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வயலின் செய்ய ஆரம்பித்தார். அவர் மகன் ஷினிச்சிதான், தாய்மொழி கற்பதுபோலக் குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கலாம் என்று உலகத்துக்கே முறை வகுத்தவர். நாம் வயலினைத் தரையில் உட்கார்ந்து, மார்புக்கும் பாதத்துக்கும் நடுவே சாய்த்து, கமகம் பேச வைத்தோம். ஜப்பானியர் மேலைநாட்டு முறையையே எடுத்துக்கொண்டு வீடுதோறும் சேர்த்தார்கள். இரவல் என்று பார்த்தால் இரு வீட்டிலும் இரவல்.

அடுத்து, நீ கேட்க வேண்டியது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வந்தது. தியாகராஜரும் யோஹான் செபாஸ்டியன் பாக்கும் அவர் மனசில் ஒன்றாக இருந்த காலம்; அதில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். கனோனைக் கேட்ட காதோடு உடனே அதைக் கேள். தந்திக்கூட்டம் ஒன்று அலங்காரமாக நிற்பதற்கும், தர்க்கம் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பெரிசு. உனக்கு அப்படித் தோன்றாவிட்டால் ஏன் என்று எழுது; பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதாதே.

நீ இருக்கும் ஊரும் லேசுப்பட்டதல்ல. நான் அங்கே ராஸ்தா பேட்டையில் குடியிருந்த காலத்தில் டிசம்பர் வந்தால் போர்வையும் ஃபிளாஸ்குமாக சவாய் கந்தர்வ விழாவுக்குப் போவோம். பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953இல் ஆரம்பித்தது. அப்போதெல்லாம் விடிய விடிய நடக்கும். முன்னே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சாதாரண ஜனங்கள், ஒரு ஸ்வரம் சரியாக விழுந்தால் தலையை ஆட்டுவார்கள், விழாவிட்டால் அசையமாட்டார்கள். இந்த டிசம்பரில் நீயும் போ. ஒரே ராகத்தோடு நீண்ட நேரம் உட்காரப் பழகிய காதுக்கு, நாலு நிமிஷப் பாட்டில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்பது தானாகப் புலப்படும். ஜப்பான் மொழி கற்கவும் புனாவைவிடத் தோதான ஊர் நம் நாட்டில் குறைவு. ஃபெர்குசன் காலேஜ் ரோட்டில் ரானடே இன்ஸ்டிட்யூட்டில் விசாரி. ஆனால் ஆல்பத்தின் வரிகளை முதலிலேயே தேடிப் படிக்காதே. அர்த்தம் தெரிந்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும். கல்லூரி இல்லாத நாளில் சிங்கட் ரோட்டில் பு.ல. தேஷ்பாண்டே தோட்டத்துக்குப் போய்வா. ஒகாயாமாவின் கோராகுவென் தோட்டத்தை மாதிரியாக வைத்து அமைத்தது. அங்கே மட்டும் ஹெட்போனைக் கழற்றிப் பையில் வை.

உடை விஷயத்தில் நான் உன் கட்சி. ஆனால் ஜப்பானிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால் விடு. துளசிபாகில் லேஸ் வாங்கி, தெரிந்த தையற்காரரிடம் கொடு. வெல்வெட் வேண்டாம், புனா மழையில் அது செப்டம்பர் வரை காயாது.

ஒன்று மட்டும் உன்னை நேராகவே கேட்கிறேன். பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகும் மனசு அப்படியே கனத்துக் கிடக்கிறதா? சாப்பாடு, தூக்கம் தப்புகிறதா? அப்படியென்றால் அது மானா போட்ட மெட்டு இல்லை, உன்னுடையது. அதை எந்த ஆல்பமும் கவனித்துக்கொள்ளாது. என்னை எந்த நேரத்திலும் கூப்பிடு, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. அப்படி எதுவும் இல்லையென்றால் உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ நிம்மதியாகக் கேள்.

2010இல் வந்த அவளுடைய இரண்டாவது ஆல்பத்தையும் அனுப்பு. மின்தாளம் அதில் கொஞ்சமாவது அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு, அத்தை முறுக்குக்கு மாவு அரைக்கத் தேதி கேட்கிறாள்.

அன்புடன்,
மாமா