கால் றாத்தல் மல்லி



சென்ற தவணை விடுமுறையில் ஹற்றனில் உள்ள எங்கள் கடையில் வாப்பாவுக்கு உதவியாக நின்றேன். வாப்பா லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், தோட்டத்துப் பாட்டி ஒருவர் வந்தார்.

"கால் றாத்தல் மல்லி குடு பாப்பா" என்றார்.

எனக்கு றாத்தல் என்றால் பாண்தான் நினைவுக்கு வரும். கால் றாத்தல் எத்தனை கிராம் என்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. நூறு கிராமாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, மின்தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பாட்டி அதை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார்.

"கொறயுதே பாப்பா."

"இல்ல பாட்டி, சரியா கால் றாத்தல்தான். தராசப் பாருங்க" என்றேன்.

அந்த நேரம் வாப்பா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல், மேசை லாச்சியிலிருந்து வாப்பாப்பா காலத்து இரும்புப் படிக்கல் ஒன்றை எடுத்தார். அது கால் றாத்தல் கல். அதை மின்தராசில் வைத்தார். 113 கிராம் என்று காட்டியது. பொட்டலத்தைப் பிரித்து, குறைந்த மல்லியைப் போட்டுக் கொடுத்தார்.

"நூறு கிராமுக்குரிய காசுதானே வாங்கினேன் வாப்பா" என்றேன்.

"காசு சரிதான் மகள். ஆனா கால் றாத்தல்னு சொல்லி நூறு கிராம் குடுத்தீங்களே, அதுதான் பிழை. தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லணும்" என்றார்.

அல்குர்ஆனின் 83வது அத்தியாயத்தின் பெயரே அல்முதஃப்பிஃபீன். அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைக் கண்டித்து அது தொடங்குகிறது. சிறு வயதிலிருந்தே மனனமிட்டு ஓதிய அத்தியாயம் எனக்கு அன்றுதான் கடை மேசையில் விளங்கியது. அன்றிலிருந்து, நம்மைச் சுற்றி இன்னும் வாழும் பழைய அளவைகளைத் தேடத் தொடங்கினேன். அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

றாத்தல் வந்த வழி

றாத்தல் என்பது ஆங்கிலேயரின் பவுண்ட் நிறை. ஒரு றாத்தல் 453.6 கிராம், 16 அவுன்ஸ் சேர்ந்தது ஒரு றாத்தல், 112 றாத்தல் சேர்ந்தது ஓர் அந்தர். ஆனால் சொல் ஆங்கிலச் சொல் அல்ல. அரபியில் 'ரத்ல்' என்றொரு நிறை உண்டு. அது போர்த்துக்கேய மொழியில் 'அராத்தெல்' ஆகி, அவர்களோடு இலங்கைக்கு வந்து, தமிழில் இறாத்தலாகவும் சிங்களத்தில் றாத்தலவாகவும் நிலைத்தது. பின்னர் வந்த ஆங்கிலேயரின் பவுண்டுக்கும் நம்மவர்கள் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். ஸகாத்துல் ஃபித்ர் கொடுக்கும் 'ஸாஉ' என்ற அளவு, ஷாஃபிஈ மத்ஹபின்படி பக்தாத் நிறையில் ஐந்தும் மூன்றிலொன்றும் 'ரத்ல்' என்று நூல்களில் காண்கிறோம். அந்த ரத்ல் வேறு, நம் கடை றாத்தல் வேறு. பக்தாத் ரத்ல் நம்முடையதைவிடச் சற்று நிறை குறைந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாகிவிடாது. நான் மல்லியில் செய்த பிழையும் இதைப் போன்றதுதான்.

1970களில் இலங்கை மீற்றர் முறைக்கு மாறத் தொடங்கியது. இன்று நடைமுறையில் உள்ள அளவைச் சட்டம் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். ஆனாலும் பேக்கரியில் "ஒரு றாத்தல் பாண்" என்றே கேட்கிறோம். அந்தப் பாணின் நியம நிறை இன்று 450 கிராம். றாத்தல் என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது. அதன் நிறையில் மூன்றரைக் கிராம் போய்விட்டது.

நாற்பது பதினெட்டானது

அடுத்த வாரமும் பாட்டி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார்.

அவர் கொழுந்தெடுத்த தோட்டத்தில் முன்பு மடுவத்தில் றாத்தல் கணக்கில்தான் கொழுந்து நிறுத்தார்கள். பேருக்கு இத்தனை றாத்தல் என்று இருந்தது. அதை எடுத்தால் முழுப் பேர், எடுக்காவிட்டால் அரைப் பேர். பாட்டிக்குக் கூடையின் கயிறு தலையில் அழுத்தும் விதத்திலேயே எத்தனை றாத்தல் என்று தெரிந்துவிடுமாம். பிறகு ஒருநாள் தராசு கிலோவுக்கு மாறியது.

"நாப்பது றாத்தல்னு தெரிஞ்சு கொண்டுபோயி வச்சேன். பதினெட்டுன்னு எழுதுனாங்க. நாப்பது பதினெட்டாப் போச்சேன்னு அன்னிக்கு ராவெல்லாம் தூக்கமில்ல பாப்பா."

அப்போது ஏழாம் வகுப்பில் படித்த அவருடைய மகன்தான் கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினாராம். நாற்பது றாத்தல் என்பது 18.14 கிலோ. ஆகவே பதினெட்டு என்பது பெரிய அநியாயம் இல்லை என்று பாட்டியின் மனம் ஆறியது. ஆனால் மகன் இன்னொரு கேள்வியும் கேட்டாராம்: "அந்தப் புள்ளிக்குப் பின்னால இருக்கிறது எங்க போச்சும்மா?"

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 144 கிராம். மாதம் 25 நாள் வேலை செய்தால் 3.6 கிலோ, அதாவது ஏறத்தாழ எட்டு றாத்தல் கொழுந்து. அளவை மாறும்போது இழப்பு இப்படிச் சிறு பின்னங்களில் வருகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பாட்டியின் தலைச்சுமை அனுபவம் மட்டும் போதவில்லை. மகனின் தசமக் கணக்கும் தேவைப்பட்டது.

கொத்தும் சுண்டும்

எங்கள் உம்மும்மா இன்றும் சோற்றுக்கு அரிசியைச் சுண்டால்தான் அளப்பார். நான்கு சுண்டு ஒரு கொத்து. 32 கொத்து ஒரு புசல். கொத்து என்பது நிறை அல்ல, கொள்ளளவு. ஒரு கொத்து அரிசி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறையும். கொத்துக்கு நம் நாட்டு வரலாற்றிலும் இடமுண்டு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோதுதான் ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது.

சதம் என்றதும் ஒரு வியப்பான செய்தி. நிறுவையில் நாம் பிந்தினாலும் காசில் முந்திவிட்டோம். இலங்கையில் ரூபாவுக்கு 100 சதம் என்ற முறை 1872இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு 1957 வரை இருந்தது. நம்மை ஆண்ட பிரித்தானியாவோ, பவுணுக்கு 20 சிலிங், சிலிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கை 1971 பெப்ரவரி 15ஆம் திகதிதான் கைவிட்டது. நமக்குப் பின் 99 ஆண்டுகள்! அங்கே இன்றும் வீதியில் தூரத்தை மைலில் எழுதுகிறார்கள். தம் உடல் நிறையை 14 பவுண்ட் கொண்ட 'ஸ்டோன்' கணக்கில் சொல்வோர் பலர். பழகிய அளவையை விடாதவர்கள் நாம் மட்டுமல்ல.

நகைக் கடையிலும் ஒரு பழைய நாணயம் உயிரோடு இருக்கிறது. பவுண் என்பது 7.988 கிராம் நிறையுள்ள ஆங்கிலேயத் தங்கக் காசு. இன்று அதை 8 கிராமாகக் கொள்கிறோம். ஸகாத்துக்குரிய தங்கத்தின் அளவான 20 மிஸ்காலை 85 கிராம் என்று கொண்டால், அது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல். மஹரைப் பவுண் கணக்கில் பேசும் வீடுகளில் பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

காணி உறுதியில் ஒரு புள்ளி

மலையகத்துக்கு இன்று மிக முக்கியமான பழைய அளவை பேர்ச்சஸ். 40 பேர்ச்சஸ் ஒரு ரூட்; நான்கு ரூட் ஓர் ஏக்கர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட நிலமும் 19 ஏக்கர் என்றே பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். லயன் காம்பிராக்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்குத் தனிவீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு நம் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். 7 பேர்ச்சஸ் எவ்வளவு? ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. ஆகவே ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1906 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பிரா 120 சதுர அடி. அப்படிப்பட்ட ஏறத்தாழப் பதினாறு காம்பிராக்களின் பரப்புள்ள நிலம் அது.

அதையே நில அளவைப் படத்தில் ஹெக்டேயரில் எழுதினால் 0.0177 என்று வரும். வாழ்நாளெல்லாம் றாத்தலும் அடியும் ஏக்கரும் பேசிய ஒருவர் அந்த எண்ணைக் கண்டால், தமக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நினைக்கலாம். அல்லது அதில் ஒரு சுழியம் பிழையாக விழுந்தாலும் கவனிக்காமல் கையொப்பம் வைத்துவிடலாம். பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சொல்ல ஒரு மகளோ பேத்தியோ வேண்டும்.

தோழிகளே, நம் பெற்றோரும் மூத்தோரும் பழைய அளவைகளில் தேர்ந்தவர்கள். நாம் புதியவற்றில் படித்தவர்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதபோதுதான் ஏமாற்றத்துக்கு இடம் உண்டாகிறது. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தவரோடு அமர்ந்து, அவருக்குத் தெரிந்த அளவைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்றைய அளவை எழுதி அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது "அதெல்லாம் பழைய காலம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

எங்கள் கடைத் தராசுக்குப் பக்கத்தில் இப்போது என் கையெழுத்தில் ஒரு மட்டை ஒட்டியிருக்கிறது: கால் றாத்தல் 113 கிராம், அரை றாத்தல் 227 கிராம், ஒரு றாத்தல் 454 கிராம். பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதை நான் வாசித்துக் காட்டியபோது தலையை ஆட்டிக் கேட்டார். பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் வழக்கம்போல ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இப்பச் சரி பாப்பா" என்றார்.