உறக்கம் வராத இரவில் என்ன செய்வது?

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, புண் ஆறியதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பலர் சொல்வது ஒன்றுண்டு: "ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, டாக்டர்." உடன் வந்த மனைவியோ மகளோ, "இவர் தூங்காததால் எனக்கும் தூக்கமில்லை" என்று சேர்த்துக்கொள்வார். இருவருக்காகவும் இதனை எழுதுகிறோம்.

மருத்துவமனையில் உறக்கம் கெடுவது இயல்பே. வலி, அச்சம், அணையாத விளக்கு, நள்ளிரவிலும் இரத்த அழுத்தம் பார்க்க எழுப்பும் செவிலியர் எனக் காரணங்கள் பல. வீடு திரும்பியபின் பெரும்பாலோருக்கு உறக்கமும் திரும்பிவிடுகிறது. சிலருக்கு மட்டும் ஏன் திரும்புவதில்லை? அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தூக்கமின்மையைத் தொடங்கி வைக்கும் காரணம் வேறு, அதனை நீடிக்கச் செய்யும் காரணம் வேறு என்பது அவர் கருத்து. இழந்த உறக்கத்தை மீட்பதற்காக நாம் எட்டு மணிக்கே படுக்கிறோம், விடிந்தும் எழாமல் கிடக்கிறோம், பிற்பகலில் இரண்டு மணி நேரம் உறங்குகிறோம். இவையே தூக்கமின்மையை நிலைபெறச் செய்துவிடுகின்றன.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. அதனை உறக்கத்துக்கான பசி எனலாம். மாலையில் வயிறு நிறையப் பலகாரம் உண்டவருக்கு இரவு உணவில் நாட்டம் இராது. பிற்பகலில் நெடுநேரம் உறங்கியவரின் நிலையும் அதுவே. காபி இந்த அடினோசினைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தபின்னும் அதிலுள்ள காஃபீனில் ஏறத்தாழப் பாதி உடலில் எஞ்சியிருக்கும். நாலு மணிக் காபியைத் துறப்பது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும் நண்பகலோடு நிறுத்திப் பாருங்கள்.

இதனினும் முக்கியமானது வேறொன்று. இரவுதோறும் படுக்கையில் விழித்துக் கிடந்து வருந்துபவருக்கு, படுக்கை என்பதே விழிப்புக்குரிய இடமாகப் பழகிப்போகிறது. கூடத்தில் நாற்காலியில் சொக்கியவர் படுக்கைக்குப் போனதும் விழித்துக்கொள்வது இதனால்தான். இப்பழக்கத்தை உடைக்கும் முறையை ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தார். உறக்கம் வரும்போது மட்டும் படுங்கள். ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியும் கண் அயராவிட்டால் எழுந்துவிடுங்கள்; கடிகாரம் பார்க்க வேண்டா, உத்தேசமே போதும். மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து பழைய வார இதழைப் புரட்டலாம், காய்ந்த துணிகளை மடிக்கலாம். கைபேசி மட்டும் வேண்டா. கண் சொக்கும்போது திரும்பச் சென்று படுங்கள். எப்படி உறங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள்.

வீட்டில் ஒரே அறைதான் என்பவர்கள் பாயை விட்டு எழுந்து சுவரோரம் அமர்ந்தாலும் போதும். தள்ளாமை உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் துணையின்றி எழவேண்டா. தலையணையில் சாய்ந்து அமர்ந்தால் போதுமானது.

முதல் வாரம் முன்னிலும் களைப்பாகவே இருக்கும். அந்நாட்களில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கவும். பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டு மாத்திரையைத் தேடுகிறார்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இத்தகைய பயிற்சிகள் அடங்கிய அறிதல் நடத்தைச் சிகிச்சையையே தரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

பக்கத்து வீட்டார் தந்த தூக்க மாத்திரையை விழுங்குவது எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. முதியவர்கள் அந்த மயக்கத்தில் கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள நேரிடும். அதே வேளையில், பல மாதங்களாக இம்மாத்திரையை உட்கொள்பவர்கள் அதனைத் திடீரென நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

உரத்த குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வருதல், மல்லாந்து படுத்தால் மூச்சுத்திணறல், கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் தவிப்பு, வாழ்வில் பிடிப்பின்மை ஆகியவை இருந்தால் பயிற்சியோடு நில்லாமல் எங்களிடம் வாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அன்றே வாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை, சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை ஆகியவற்றை மாலையில் உட்கொள்பவர்கள், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு சொல். இரவு முழுவதும் ஒருவரே விழித்திருக்க வேண்டா. வீட்டில் இன்னொருவர் இருப்பின் இரவை இரண்டாகப் பங்கிட்டு, முறை வைத்து உறங்குங்கள். இதைக் கேட்பதற்குக் கூசுபவர்களே மிகுதி. எங்களிடம் சொன்னால் உறவினரிடம் நாங்களே எடுத்துரைப்போம்.

அடுத்த முறை வரும்போது, இரண்டு வாரங்களுக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், பகலுறக்கம், குடித்த காபி, உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுவாருங்கள்.